84 ஆண்டா, 48 சீசனா? ஹிரோஷிமா தண்டர்ஸ் அணியின் வரலாற்றைக் கணக்கெடுப்பது எப்படி

ஜப்பான் ஆண்கள் வாலிபால் லீகில் ஹிரோஷிமா தண்டர்ஸ் முதன்முறையாகச் சாம்பியன் ஆனது 2015 ஏப்ரலில். அப்போது அணியின் பெயர் ஜேடி தண்டர்ஸ். அந்த வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்களில் ஒரு சாரார் "84 ஆண்டுக் காத்திருப்பு" என்பார்கள், இன்னொரு சாரார் "48 சீசன்" என்பார்கள். இரண்டுமே சரி. எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எடுத்தெழுதும்போதுதான் "84 சீசன்" மாதிரியான பிழைகள் முளைக்கின்றன.

கம்பெனிகள் தங்கள் ஊழியர்களைக் கொண்டு நடத்தும் கம்பெனி அணிகளின் வரலாற்றை எடுத்தெழுத உட்காரும் யாருக்கும் முதலில் காலை வாருவது இதுதான். ஐரோப்பியக் கால்பந்து கிளப்புக்கு ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு தொடக்க ஆண்டு இருக்கும். ஜப்பானியக் கம்பெனி அணிக்கு அப்படி இல்லை. கம்பெனி பெயர் மாறினால் அணியின் பெயரும் மாறும். கம்பெனிகள் இணைந்தால் அணியும் இணையும், ஆலை இடம் மாறினால் அணியும் மூட்டை கட்டும். அதனால் அணியின் வரலாற்றைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கம்பெனியின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஸ்கோர்போர்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஹிரோஷிமா அணிக்கு அந்தப் பக்கம் இப்படி இருக்கும். அப்போது ஜப்பானில் புகையிலையும் உப்பும் அரசின் தனியுரிமையாக இருந்தன. நிதி அமைச்சகத்தின் கீழ் இருந்த துறை அதை நடத்தியது. அந்தத் துறையின் ஹிரோஷிமா வட்டார அலுவலகத்தில் 1931-இல் தொடங்கிய வாலிபால் குழுதான் இந்த அணியின் வேர். 1949-இல் அந்தத் துறை அரசு நிறுவனமாக, 'நிஹோன் சென்பாய் கோஷா' ஆனது. அணியும் 'சென்பாய் ஹிரோஷிமா' என்று அறியப்பட்டது. 1985 ஏப்ரலில் நிறுவனம் பங்கு நிறுவனமாக மாறி ஜப்பான் டொபாக்கோ, சுருக்கமாக ஜேடி ஆனது. அணியின் பெயர் 'நிஹோன் தபாக்கோ' ஆகி, பிறகு 'ஜேடி' ஆகி, 'ஜேடி தண்டர்ஸ்' ஆகி, அதோடு ஊர்ப்பெயரும் ஒட்டி, 2024-இல் கம்பெனிப் பெயர் கழன்று 'ஹிரோஷிமா தண்டர்ஸ்' என்று நின்றது. பழைய செய்தித்தாள் கோப்புகளிலோ ஒலிம்பிக் வீரர் பட்டியல்களிலோ 'தண்டர்ஸ்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. 1985-க்கு முந்தைய காலத்துக்கு 'சென்பாய்' என்றும், அதற்குப் பிந்தைய காலத்துக்கு 'நிஹோன் தபாக்கோ', 'ஜேடி' என்றும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஒரே வீரரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பட்டியலில் ஒரு கம்பெனியும் இன்னொன்றில் வேறு கம்பெனியும் இருந்தால், அவர் அணி மாறினார் என்று உடனே எழுதிவிடக் கூடாது. பல நேரங்களில் மாறியது பெயர்ப்பலகை மட்டும்தான்.

இப்போது 48-க்கு வருவோம். ஜப்பானில் தேசிய அளவிலான லீக் 1967-இல் தொடங்கியது, பெயர் 'ஜப்பான் லீக்'. அது 27 முறை நடந்தது. 1994-95 சீசனிலிருந்து 'வி.லீக்' என்ற பெயரில் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். அந்த எண்ணிக்கை 12 வரை, அதாவது 2005-06 வரை ஓடியது. 2006-07-இல் 'வி.பிரீமியர் லீக்' வந்தபோது வரிசை எண்ணையே விட்டுவிட்டு ஆண்டை மட்டும் போட்டார்கள். 2006-07 முதல் 2014-15 வரை 9 சீசன். 27-உம் 12-உம் 9-உம் சேர்ந்தால் 48. இந்த 48 சீசனிலும் ஒன்றுவிடாமல் மேல்மட்ட லீகில் ஆடிய ஒரே ஆண்கள் அணி ஹிரோஷிமா அணிதான். அதே அணிக்கு 48-ஆவது சீசனில்தான் முதல் லீக் பட்டம் கிடைத்தது என்பது விளையாட்டு வரலாற்றில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் சேர்க்கை அல்ல.

84 என்பது சாதாரணக் கழித்தல். 2015-இலிருந்து 1931 போனால் 84. ஆனால் இந்த 84-இல் முதல் 36 ஆண்டுகள் தேசிய லீகே இல்லை. ஆகவே "84 ஆண்டுகளாக லீக் பட்டத்துக்கு ஏங்கிய அணி" என்று எழுதினால் தவறு. "தொடங்கி 84-ஆம் ஆண்டில் முதல் லீக் பட்டம்" என்று எழுதினால் சரி.

சீசனின் ஆண்டுக் குறிப்பிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜப்பானில் கம்பெனிகளும் பள்ளிக்கூடங்களும் நம்மைப் போலவே ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு வைக்கிறவை. லீக் இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடியும். 2014-15 சீசனின் இறுதி ஆட்டம் நடந்தது 2015 ஏப்ரலில், அதாவது அடுத்த கணக்காண்டுக்குள் போய்விட்டது. சிலர் இதை 2014-ஆம் ஆண்டு பட்டம் என்பார்கள், சிலர் 2015 என்பார்கள். அதே சீசனின் நடுவில், 2014 டிசம்பரில், ஜேடி பேரரசர் கோப்பையையும் வென்றது. இரண்டையும் '2014 சாம்பியன்' என்ற ஒரே தலைப்பில் போட்டால் படிக்கிறவர் ஒரு பட்டம் என்று நினைத்துக்கொள்வார். '2014-15' என்று கோடு போட்டே எழுதுவதும், போட்டியின் பெயரை முழுதாக எழுதுவதும்தான் இதற்கு மருந்து.

பட்டங்களைக் கூட்டும்போது மூன்று போட்டிகளை மூன்றாகவே வைத்திருக்க வேண்டும். லீக் ஒன்று. 2007-இல் தொடங்கிய பேரரசர் கோப்பை இரண்டு. மே மாத நீண்ட விடுமுறையை ஒட்டி ஒசாகாவில் நடக்கும் 'குரோவாஷிகி' மூன்று. இந்த மூன்றையும் ஒரே சீசனில் வெல்வதை மூன்று மகுடம் என்பார்கள். பானாசோனிக் அணி 2009-10, 2011-12, 2013-14 சீசன்களில் அதைச் செய்தது. பேரரசர் கோப்பையே இல்லாத 1970-களின் அணிகளோடு இதை ஒப்பிட்டு "அவர்களால் முடியவில்லை, இவர்களால் முடிந்தது" என்று எழுதுவது நியாயமில்லை.

அடுத்தது ஆட்டத்தின் விதிகள். 1931-இல் ஹிரோஷிமாவில் ஆடியது இன்று நாம் பார்க்கும் வாலிபால் அல்ல. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடும் வாலிபால் அது. மூன்று வரிசை, வரிசைக்கு மூவர், இடம் மாறிச் சுற்றும் ரொட்டேஷன் கிடையாது. முன்வரிசைக்காரர் கடைசிவரை முன்வரிசைக்காரர்தான். இன்றும் ஜப்பானில் அந்த ஆட்டம் உயிரோடு இருக்கிறது. ஆண்களுக்கு 21 மீட்டர் நீளமும் 10.5 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளம், 2.38 மீட்டர் உயர வலை. சர்வீஸுக்கு இரண்டு வாய்ப்பு உண்டு. பந்து வலையில் பட்டால் ஒரு தொடுகை கூடுதலாகக் கிடைக்கும். ஜப்பான் 1951-இல் சர்வதேசச் சம்மேளனத்தில் சேர்ந்த பிறகு, 1950-கள் நெடுக அறுவர் ஆட்டத்துக்கு மாறிக்கொண்டே வந்தது. கம்பெனி அணிகளுக்கு இந்த மாற்றம் லேசாக இருக்கவில்லை. ஒன்பது பேர் ஆட்டத்தில் ஒரே வேலையைச் செய்து பழகியவர் அறுவர் ஆட்டத்தில் ரிசீவும் செய்ய வேண்டும், முன்னால் வந்ததும் பிளாக்கும் செய்ய வேண்டும். 1950-களின் முடிவுகளைப் பட்டியலில் சேர்க்கும்போது அது எத்தனை பேர் ஆட்டம் என்று ஒரு கட்டம் வைக்காவிட்டால், ஒரே ஆண்டில் இரண்டு தேசிய சாம்பியன்கள் எப்படி வந்தார்கள் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

ஸ்கோரும் அப்படித்தான். 1980-களின் இறுதி வரை எல்லா செட்டிலும், 1990-களின் இறுதி வரை முதல் நான்கு செட்டிலும், சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி, செட் 15-க்கு. அதன் பிறகுதான் ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி, செட் 25-க்கு, ஐந்தாவது செட் மட்டும் 15-க்கு. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியில் ஜப்பான் கிழக்கு ஜெர்மனியை வென்ற ஸ்கோர் 11-15, 15-2, 15-10, 15-10. இதில் 15-2 என்பதைப் பார்த்து இன்றைய கணக்கில் 25-3 என்று விகிதம் போடக் கூடாது. கிழக்கு ஜெர்மனி அந்த செட்டில் பல ராலிகளை வென்றிருக்கலாம். அவை சர்வீஸை மட்டுமே திருப்பிக் கொடுத்தன, புள்ளியைக் கொடுக்கவில்லை. பழைய செட்டையும் புதிய செட்டையும் ஒரே அட்டவணையில் கூட்டிச் சராசரி எடுப்பது பயனற்ற வேலை. 1998-க்கு முன், பின்வரிசையில் பந்தெடுக்க மட்டுமே இறங்கும் லிபரோவும் கிடையாது. பழைய படச்சுருளில் நெடிய மிடில் பிளாக்கர்கள் பின்வரிசையில் தரையில் விழுந்து பந்தெடுப்பது அதனால்தான்.

நெகோடாவும் அவர் பந்தும்

ஹிரோஷிமா அணியின் கதையில் நிதானமாக நிற்க வேண்டிய இடம் கட்சுதோஷி நெகோடா. 1944-இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். அதே ஊரின் சோதோகு உயர்நிலைப் பள்ளியில் ஆடினார், அதே ஊரின் சென்பாய் அணியில் சேர்ந்தார். உயரம் 179 சென்டிமீட்டர், வேலை செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 1968 மெக்சிகோவில் வெள்ளி, 1972 மியூனிக்கில் தங்கம். ஜப்பான் ஆண்கள் அணியின் இந்த ஏறுபடி மூன்றிலும் அவர் இருந்தார். 1976 மான்ட்ரியாலில் ஜப்பான் நான்காம் இடம். அங்கே தொடக்க விழாவில் நாட்டின் கொடியை ஏந்தியவர் அவர்தான். 1971-இல் கை முறிந்து, மியூனிக்குக்குப் போவாரா என்ற கேள்வி எழுந்து, மீண்டு வந்து ஆடினார். 1983 செப்டம்பரில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தபோது வயது 39. ஹிரோஷிமாவில் அணியின் உடற்பயிற்சி அரங்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவர் செய்தது என்ன என்பதை ஜப்பானியர் வைத்திருக்கும் நான்கு எழுத்துகளைக் கொண்டு விளக்கிவிடலாம்: ஏ, பி, சி, டி. நான்கும், செட்டர் தாழ்வாக விரைந்து தரும் பந்தை உடனே அடிக்கும் குயிக் தாக்குதலின் வகைகள். செட்டருக்கு முன்னால், மிக அருகில், ஏறத்தாழ ஒரு கை நீளத்தில் அடிப்பது ஏ. முன்னாலேயே சற்றுத் தள்ளி, இரண்டு மீட்டர் போலத் தூரத்தில், தட்டையாக விரைந்து போகும் பந்தை அடிப்பது பி. செட்டரின் முதுகுக்குப் பின்னால் அருகில் அடிப்பது சி, பின்னால் தள்ளி அடிப்பது டி. ஏ-வையும் சி-யையும் ஓரளவு பயிற்சி உள்ள எந்த அணியும் செய்துவிடும். பி-யும் டி-யும் அப்படி அல்ல. அடிப்பவர் பந்தைப் பார்த்துவிட்டுக் குதிப்பதில்லை. அவர் காற்றில் ஏறியபின் கை வரும் இடத்துக்குப் பந்து வந்து சேர வேண்டும். பந்து ஒரு சாண் மேலே போனால் பிளாக் வந்துவிடும், ஒரு சாண் கீழே போனால் வலையில் அடிபடும், கொஞ்சம் தாமதித்தால் அடிப்பவர் இறங்கத் தொடங்கியிருப்பார்.

இதன்மேல் கட்டியதுதான் ஜப்பான் உலகத்துக்குக் காட்டிய நேர வித்தியாசத் தாக்குதல். ஒருவர் ஏ குயிக்குக்குக் குதிப்பார். எதிரணி பிளாக்கர் அவரோடு குதிப்பார். பந்து அவருக்கு வராமல் அவர் தலைக்கு மேல் சற்று உயரமாகப் போகும். பின்னாலிருந்து வரும் இன்னொருவர் அதை அடிப்பார். பிளாக்கர் அப்போது தரைக்கு இறங்கிக்கொண்டிருப்பார். இதையே ஒரே ஆள் செய்தால், குதிப்பது போலக் காட்டி, அரை நொடி பொறுத்து, உண்மையாகக் குதித்து அடித்தால், அது ஒருவர் நேர வித்தியாசம். அதற்குப் பெயர் பெற்றவர் நிப்போன் கோகன் அணியின் ஜுங்கோ மொரிட்டா. ஆடிப் பார்க்கிறவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். முதலில் குதிப்பவர் "எனக்கு வராது" என்று தெரிந்து அரைமனதாகக் குதிப்பார். பிளாக்கர் அசையவே மாட்டார். முதல் ஆள் ஐந்தில் இரண்டு பந்தையாவது உண்மையிலேயே அடித்துக் காட்டாவிட்டால் இந்த ஏமாற்று செல்லுபடியாகாது. எனவே இதன் அடிப்படை ஏமாற்று அல்ல, நம்பகமான ஏ குயிக். அதற்கு முன் தேவை ஒழுங்கான முதல் ரிசீவ். ரிசீவ் மூன்று மீட்டர் கோட்டுக்கு வெளியே போய்விட்டால் மேலே சொன்னது எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

மியூனிக் அணியின் பட்டியலைக் கம்பெனி வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்று புரியும். தடயோஷி யோகோட்டா மத்சுஷிதா எலெக்ட்ரிக். மொரிட்டா, கென்ஜி ஷிமாவோகா இருவரும் நிப்போன் கோகன். கட்சுயுகி மினாமி அசாஹி கசேய். நெகோடாவும் தெத்சுவோ நிஷிமோத்தோவும் சென்பாய். லீகில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளும் கம்பெனிகள், ஆண்டின் பல மாதங்கள் தங்கள் ஆட்களைப் பயிற்சியாளர் யசுதாகா மத்சுதைராவிடம் விட்டுவிட்டன, சம்பளமும் கொடுத்தன. ஒலிம்பிக்கில் தொழில்முறை ஆட்டக்காரருக்கு இடமில்லாத காலம் அது. கம்பெனி ஊழியர் என்ற அந்தஸ்து இல்லாமல் இந்த ஏற்பாடு நடந்திருக்காது. அரையிறுதியில் பல்கேரியாவிடம் இரண்டு செட் பின்தங்கி, மூத்தவர்களான மினாமியையும் நிப்போன் ஸ்டீலின் யுசோ நகமுராவையும் இறக்கி, 3-2 என்று மீண்டது பலருக்கும் தெரிந்த கதை. அந்த மூத்தவர்கள் பெஞ்சில் இருந்ததற்கே காரணம், முப்பது வயதளவிலும் ஆட அனுமதித்த கம்பெனி வேலைதான்.

ஏன் இவ்வளவு தாமதம்?

இத்தகைய செட்டர் இருந்தும் சென்பாய் அணிக்கு லீக் பட்டம் வரவில்லை. பலமுறை இரண்டாம் இடம்தான். 1970-களில் நிப்போன் ஸ்டீல் கையில் லீக் இருந்தது, 1980-களில் ஃபுஜிஃபிலிம் மேலே நின்றது. தேசிய அணிக்கு நல்ல செட்டரைக் கொடுத்த கம்பெனிக்கு அவர் பயிற்சிக் காலத்தில் இல்லாத குறை உண்டு. செட்டர் மாறினால் குயிக்கின் வேகம் மாறும், அடிப்பவர்களின் காலடிக் கணக்கு மாறும். அதைவிட முக்கியமான காரணம், என் கணிப்பில், கம்பெனி முறையேதான். ஒருவர் அணியில் சேருவது வேலையில் சேருவது. ஆட்டத்தை நிறுத்தினாலும் வேலை தொடரும், ஓய்வு வயது வரை கம்பெனியில் இருப்பார். இது குடும்பத்துக்கும் வீரருக்கும் பெரிய பாதுகாப்பு. ஆனால் அணிக்கு இடைவெளி எங்கே என்று தெரிந்தாலும் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பது கடினம். ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் பள்ளியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ வருவார்கள். அந்த ஆண்டு நல்ல இடதுகை ஆட்டக்காரர் இல்லையென்றால் இல்லைதான்.

2015-இன் அணியைப் பார்த்தால் எது மாறியது என்று தெரியும். பயிற்சியாளர் வெசெலின் வுகோவிச் பால்கன் பகுதியிலிருந்து வந்தவர். செட்டருக்கு எதிர்மூலையில் பிரேசிலின் லியாண்ட்ரோ விசோட்டோ, உயரம் 212 சென்டிமீட்டர். பக்கவாட்டில் யூ கோஷிகாவா, சன்டோரியில் ஆடி, இத்தாலியில் பதோவா கிளப்புக்குப் போய், திரும்பிவந்து ஜேடியில் சேர்ந்தவர். அந்த சீசனின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. மூவருமே ஜேடியின் ஆலையிலோ அலுவலகத்திலோ வளர்ந்து வந்தவர்கள் இல்லை. உள்ளே பல ஆண்டுகளாக ஒன்றாக ஆடிய ஊழியர்கள், அவர்கள்மேல் வெளியிலிருந்து வந்த இரண்டு மூன்று பேர் என்ற கலவைதான் வேலை செய்தது. மற்ற அணிகளிலும் இதே கதைதான். இகோர் ஓம்ர்சென் இருந்த டொயோடா கோசெய் 2015-16-இல் வென்றது. பார்தோஸ் குரெக் இருந்த வுல்ஃப்டாக்ஸ் நகோயா, அதாவது அதே டொயோடா கோசெய் அணி புதுப் பெயரில், 2022-23-இல் வென்றது. டிமித்ரி முசெர்ஸ்கி இருந்த சன்டோரி 2020-21, 2021-22, 2023-24 என்று அடுக்கியது.

எந்த அணி பிழைக்கும்?

அணியின் ஆயுளை ஆட்டத்தின் தரம் தீர்மானிப்பதில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் கசப்பான பகுதி. வருமானம் டிக்கெட்டிலிருந்து வருவதில்லை, கம்பெனியின் செலவுக் கணக்கிலிருந்து வருகிறது. அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களிலும் கணிசமானோர் கம்பெனி கொடுத்த டிக்கெட்டில் வந்த ஊழியர்களாக இருப்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சொத்துவிலைக் குமிழி வெடித்தபின் நிர்வாகங்கள் முதலில் கைவைத்தது இத்தகைய செலவுகளில்தான். மியூனிக்குக்கு மொரிட்டாவைக் கொடுத்த நிப்போன் கோகன் அணி இன்று இல்லை, ஃபுஜிஃபிலிம் அணியும் இல்லை. என்இசி ப்ளூ ராக்கெட்ஸ் ஆண்கள் அணி 2009-இல் கலைந்தது. முந்தைய ஆண்டின் உலக நிதி நெருக்கடி ஓயாத நேரம் அது.

பிழைத்தவை மூன்று வழிகளில் பிழைத்தன. ஒன்று, தனி நிறுவனமாகப் பிரிந்தது. நிப்போன் ஸ்டீல் அணி 2000-இன் இறுதியில் ப்ளேசர்ஸ் ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற நிறுவனமாகி சகாய் நகரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டது. இந்த அணியின் முன்கதை வடக்கு கியூஷுவின் யவாத்தா இரும்பாலையில் தொடங்குகிறது என்பதையும், 1970-இல் யவாத்தாவும் ஃபுஜி ஸ்டீலும் இணைந்துதான் நிப்போன் ஸ்டீல் உருவானது என்பதையும் குறித்துக்கொண்டால் பழைய பட்டியல்களில் குழப்பம் தீரும். இரண்டாவது வழி, கைமாறியது. டோக்கியோ காஸ் அணியாகத் தொடங்கிய எஃப்சி டோக்கியோ வாலிபால் அணியை 2022-இல் நேச்சர் லேப் எடுத்துக்கொண்டது, அது டோக்கியோ கிரேட் பேர்ஸ் ஆனது. மூன்றாவது, தாய்க் கம்பெனி தளராமல் தாங்கியது. ஹிரோஷிமா இந்த வகை. முதலில் அரசுத் துறை, பிறகு அரசு நிறுவனம், பிறகு பெரும் புகையிலைக் கம்பெனி என்று எல்லாக் காலத்திலும் கையில் காசு இருந்த முதலாளி. புகையிலைப் பணத்தில் விளையாட்டா என்று கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 48 சீசன் தொடர்ந்து ஆட முடிந்ததற்கு வேறு விளக்கம் தேடத் தேவையில்லை.

2024 அக்டோபரில் தொடங்கிய எஸ்வி.லீக் இந்த அமைப்பையே உலுக்குகிறது. ஆண்கள் பிரிவில் 10 அணிகள். அதற்கு முந்தைய சீசனில் அணிக்கு 36 லீக் ஆட்டம், முதல் எஸ்வி.லீக் சீசனில் 44. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரே எதிரணியோடு ஆடுவது வழக்கம் என்பதால் 44 ஆட்டத்துக்கு 22 வார இறுதிகள் வேண்டும். அதில் பாதி வெளியூர். வெள்ளிக்கிழமை பயணம், திங்கள்கிழமை உடல் தேற்றம் என்றால், காலையில் அலுவலகம், மதியம் பயிற்சி என்ற பழைய கம்பெனி நேர அட்டவணைக்கு மிச்சமிருப்பது செவ்வாய் முதல் வியாழன் வரைதான். ஒப்பந்த வீரர்கள் பெருகுவதற்கு இந்தக் கணக்கே போதும். முதல் சீசனின் விதிப்படி களத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வெளிநாட்டவரும், கூடவே ஆசிய ஒதுக்கீட்டில் ஒருவரும் ஆடலாம். ஆறு பேரில் மூவர் வெளியிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம் என்று பொருள். பெயர்களிலும் ஊர் வந்துவிட்டது: பானாசோனிக் பாந்தர்ஸ் ஒசாகா ப்ளூட்டியோன் ஆனது. ஆனால் சன்டோரி சன்பேர்ட்ஸ் ஒசாகா, ஜேடெக்ட் ஸ்டிங்ஸ் ஐச்சி என்று கம்பெனிப் பெயரை விடாதவையும் உண்டு. 2024-25-இன் முதல் எஸ்வி.லீக் இறுதியில் ஆடியவை இந்த இரண்டும்தான், வென்றது சன்டோரி. பெயரை மட்டும் வைத்து எது கம்பெனி அணி, எது கிளப் என்று பிரிக்க முடியாது. பங்குகள் யார் கையில், வீரரின் ஒப்பந்தம் யாரோடு, அரங்கு யாருடையது என்ற மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சென்னை வாலிபாலைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையில் பாதி பழக்கமானதாகவே இருக்கும். ஐஓபி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே என்று நம் ஆட்டமும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையின் மேல்தான் நின்றது. அவற்றின் வரலாற்றை யாராவது முறையாக எழுத முன்வந்தால், ஹிரோஷிமாவுக்குப் போடும் அதே அட்டவணை அப்படியே பொருந்தும். ஒரு சீசனுக்கு ஒரு வரி. வரிக்கு ஒன்பது கட்டம்: சீசன் (இரண்டு ஆண்டும் கோடு போட்டு), தாய் நிறுவனத்தின் அப்போதைய பெயர், அணியின் அப்போதைய பெயர், ஊர், போட்டியின் முழுப் பெயர், எத்தனை பேர் ஆட்டம், புள்ளி முறை, போட்டியில் பிடித்த இடம், பயிற்சியாளர். வீரர்களுக்குத் தனி ஏடு: சேர்ந்த ஆண்டு, எந்தப் பள்ளி அல்லது கல்லூரி, ஊழியரா ஒப்பந்தமா, ஆட்டத்தை நிறுத்திய ஆண்டு, வேலையை விட்ட ஆண்டு. கடைசி இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. கம்பெனி அணியில் அவற்றுக்கு நடுவே 25 ஆண்டுகள்கூட இருக்கலாம். நிறுவனத்தின் வீட்டு இதழ்கள், ஓய்வூதியர் சங்கங்களின் பட்டியல்கள் ஆகியவற்றில் தேடினால் நாளிதழ்களில் இல்லாத அணிப் புகைப்படங்கள் கிடைக்கும். அவற்றின் பின்பக்கத்தையும் சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும், பெயரும் தேதியும் அங்கேதான் எழுதியிருப்பார்கள்.